அமுக்குறதுக்கு முன்னாடி அர்த்தம் கேளுங்க

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)

 

எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். இங்கிலீஷில் 38 மார்க். அப்படிப்பட்ட என்னைக் கூப்பிட்டு, "செல்போன்ல வர்ற இங்கிலீஷ் வார்த்தைகளைப் பத்தி நீதான் பேசணும்" என்று சொல்லிவிட்டார்கள். வாத்தியாரம்மா யாரையாவது கூப்பிடுங்கக்கா என்று சொன்னேன். தலைவி அக்கா விடவில்லை. "தெரிஞ்சவங்க சொன்னா பாடம் மாதிரி இருக்கும். தெரியாமப் போயி அடிபட்டவ சொன்னாத்தான் மனசுல நிக்கும்" என்றார்கள். அதனால்தான் வந்து நிற்கிறேன்.

முதலில் என் அம்மா கதை ஒன்று சொல்லிவிடுகிறேன். நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் வந்தபோது நான் கைக்குழந்தை. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா, பெண்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது, சைக்கிளும் ஓட்ட வேண்டும் என்று அதையும் இயக்கத்தோடு சேர்த்தார்கள். நம்ம மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். இங்கே இருக்கிற பெரியவங்களில் பலருக்கு அது நினைவிருக்கும். அதுவரைக்கும் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த என் அம்மா, கையெழுத்துப் போடப் பழகியதும் சைக்கிள் ஓட்டப் பழகியதும் ஒரே வருசம்தான்.

சைக்கிளில் இருப்பது எல்லாமே இங்கிலீஷ் வார்த்தை. பெடல், பெல், செயின், ஹேண்டில்பார், பிரேக். அம்மாவுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது. முதல் நாள் பிரேக் எது என்று கேட்காமலே ஏறி, கண்மாய்க் கரையிலிருந்து நேராக இறங்கிக் கருவேல முள்ளில் விழுந்தார்கள். "மறுநாளு பிரேக்கு எங்க இருக்கு, புடிச்சா என்ன ஆகும்னு கேட்டுட்டுத்தான் காலைத் தூக்கிப் போட்டேன்" என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

இன்றைக்கு நான் சொல்ல வந்ததும் இவ்வளவுதான். செல்போனில் வருகிற வார்த்தைக்கு எழுத்துக்கூட்டிச் சொல்ல நமக்குத் தெரிய வேண்டாம். அதை அமுக்கினால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அமுக்குவதற்கு முன்னாடி கேட்க வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் குழுவைத் தவிர வேறு யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

மூன்று வருசத்துக்கு முன்னாடி, பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். வீட்டுக்காரர் கேரளா பக்கம் வேலைக்குப் போயிருந்தார், அந்த மாசம் பணம் வரவில்லை. குழுவில் ஏற்கெனவே உள்கடன் வாங்கி இரண்டு தவணை பாக்கி வைத்திருந்தேன். மறுபடி போய்க் கேட்க வெட்கமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. "இன்ஸ்டன்ட் லோன்" என்று போட்டு, கீழே ஒரு லிங்க். இன்ஸ்டன்ட் காபி தெரியும், இன்ஸ்டன்ட் இட்லி மாவு தெரியும். அது மாதிரி உடனே கிடைக்கிற கடன் போல என்று அமுக்கினேன்.

ஒரு ஆப் இறங்கியது. அது என்னிடம் வரிசையாக என்னவோ கேட்டது. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வார்த்தை. ஒன்று "அலோ", இன்னொன்று "டெனை". நமக்கு அலோ என்றால் என்ன? போனை எடுத்ததும் சொல்வோமே, அந்த அலோதானே! சிரிக்காதீங்க அக்கா, நான் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். அலோ, அலோ, அலோ, அலோ என்று நாலு தடவை அமுக்கினேன்.

6,000 ரூபாய் கடன் என்று காட்டியது. கைக்கு வந்தது 3,700. மீதி 2,300-ஐ "பிராசசிங் ஃபீ" என்று பிடித்துக்கொண்டார்கள். ஏழாம் நாள் 6,000 கட்டச் சொன்னார்கள். நூற்றுக்கு 62 ரூபாய் வட்டி, அதுவும் ஏழே நாளில். நம்ம குழுவில் நூற்றுக்கு மாசம் ஒரு ரூபாய் வட்டிக்கு எத்தனை தடவை கணக்குப் பார்த்திருப்போம்!

கட்ட முடியவில்லை. எட்டாம் நாள் காலையில் என் போனில் இருந்த எல்லா நம்பருக்கும் மெசேஜ் போனது. என் தம்பிக்கு, கொழுந்தனாருக்கு, மகளுடைய டீச்சருக்கு, பால்காரருக்கு, குழுவில் இருக்கிற எல்லாருக்கும். நான் திருடி, கடன் வாங்கி ஓடிப்போனவள் என்று எழுதி, என் போட்டோவை வேறொரு உடம்போடு ஒட்டி அனுப்பினார்கள். அந்தப் படத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல நா கூசுகிறது. நான் அமுக்கிய நாலு அலோவுக்கு அர்த்தம் அன்றைக்குத்தான் தெரிந்தது. என் கான்டாக்ட்டை எடுத்துக்கோ, என் போட்டோவை எடுத்துக்கோ, எனக்கு வர்ற மெசேஜைப் படிச்சுக்கோ, நான் இருக்கிற இடத்தைப் பார்த்துக்கோ என்று நானேதான் அனுமதி கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு முழுக்க கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனசு எங்கெங்கேயோ போனது. சாயங்காலம் தலைவி அக்காவும் ஊக்குநரும் இன்னும் நாலு பேரும் வந்து கதவைத் தட்டினார்கள். திட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அக்கா உள்ளே வந்து, "சோறு தின்னியா?" என்றார்கள். அதற்கப்புறம்தான் நான் அழுதேன்.

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு மாவட்டத் தலைநகரில் இருக்கிற சைபர் கிரைம் போலீசுக்குப் போனார்கள். புகார் கொடுத்தோம். அந்த ஆபைப் போனிலிருந்து எடுத்தோம். நம்பர்களை எல்லாம் பிளாக் பண்ணினோம். குழுவில் எல்லாரும் அவரவர் வீட்டில், "வந்த படம் பொய், அந்தப் புள்ள நம்ம புள்ள" என்று சொன்னார்கள். கொஞ்ச நாளில் போன் வருவது நின்றுவிட்டது. அதற்குள் பயந்து பயந்து 11,000 ரூபாய் கட்டியிருந்தேன். அது போனது போனதுதான். ஆனால் நான் இருக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு பழக்கம் கொண்டுவந்தோம். வாராவாரம் சந்தா வசூல் முடிந்ததும் ஒருத்தர் ஒரு வார்த்தை கொண்டுவர வேண்டும். அவரவர் போனில் பார்த்து அர்த்தம் புரியாத வார்த்தை. ஊக்குநரும், படிக்கிற பிள்ளைகளும், வங்கிக்குப் போகும்போது அங்கே இருக்கிற மேடமும் சொல்லிக் கொடுத்ததை ஒரு தனி நோட்டில் எழுதிக்கொள்வோம். அதிலிருந்து சிலதை உங்களுக்குச் சொல்கிறேன்.

அலோ என்றால் அனுமதி கொடுக்கிறேன். டெனை என்றாலும், டோன்ட் அலோ என்றாலும் கொடுக்க மாட்டேன். கடன் கேட்டுப் போன இடத்தில் ஒருத்தர், "உன் சொந்தக்காரங்க நம்பரெல்லாம் எழுதிக் கொடு, உன் வீட்டு ஆல்பத்தையும் கொடு" என்று கேட்டால் கொடுப்போமா? போனில் கேட்டால் மட்டும் கொடுத்துவிடுகிறோம். ரிசர்வ் வங்கி 2022-இல் இதற்கு விதி போட்டிருக்கிறது. கடன் ஆப் நம் கான்டாக்ட் பட்டியலையோ போட்டோக்களையோ யார் யாரிடம் பேசினோம் என்ற விவரத்தையோ எடுக்கக் கூடாது. வட்டியும் மற்ற பிடித்தமும் சேர்த்து வருசத்துக்கு எத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே எழுத்தில் காட்ட வேண்டும். இதை மீறிக் கேட்கிற ஆப் எதுவாக இருந்தாலும் அதில் கடன் வாங்காதீர்கள்.

அடுத்தது கிரெடிட், டெபிட். இது நமக்குப் புதுசே இல்லை. நம்ம குழு ரொக்கப் புத்தகத்தில் வரவு, பற்று என்று எழுதுகிறோமே, அதுதான். கிரெடிட்டட் என்று வந்தால் நம் கணக்கில் பணம் ஏறியிருக்கிறது. டெபிட்டட் என்று வந்தால் நம் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது. டெபிட்டட் என்ற மெசேஜைப் பார்த்து, "ஏதோ பேங்க் மெசேஜ்" என்று விட்டுவிடாதீர்கள். நாம் எடுக்காத பணம் என்றால் அந்த நிமிசமே வங்கிக்குச் சொல்ல வேண்டும். இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. "தெரியாம உங்க நம்பருக்கு 5,000 போட்டுட்டேன் அக்கா, திருப்பி அனுப்புங்க" என்று ஒருத்தர் அழுவார். கிரெடிட்டட் என்று ஒரு மெசேஜும் வந்திருக்கும். அந்த மெசேஜை அவரே எழுதி அனுப்பியிருப்பார். மெசேஜை நம்பாமல் கணக்கில் இருப்பு எவ்வளவு என்று பாருங்கள்.

பின் என்பது நம் பெட்டிச் சாவி. பணம் போவதற்கும் இருப்புப் பார்ப்பதற்கும்தான் அது வேண்டும். பணம் வருவதற்குப் பின் போடவே வேண்டாம். பே என்றால் கொடு, ரிசீவ் என்றால் வாங்கு, ரிக்வெஸ்ட் என்றால் ஒருத்தர் நம்மிடம் பணம் கேட்கிறார். எங்கள் குழுவில் ஓர் அக்கா ஆட்டை விற்பதற்குப் போனில் படம் போட்டார்கள். வாங்குகிறேன் என்றவர், "இந்தப் படத்தை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, முன்பணம் வந்துரும்" என்றார். அக்கா அந்த வாரம்தான் பே என்ற வார்த்தையை நோட்டில் எழுதியிருந்தார்கள. போனில் பே என்று வந்ததும், "காசு நீ குடுக்கணுமா, நான் குடுக்கணுமா?" என்று கேட்டார்கள். எதிர்ப்பக்கம் போனை வைத்துவிட்டார்கள். ஆட்டைப் பிறகு சந்தையில் விற்றோம்.

ஓடிபி. ஒன் டைம் பாஸ்வேர்டு. ஒரே ஒரு தடவை மட்டும் திறக்கிற சாவி. யாரிடமும் ஓடிபி சொல்லாதே என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற தம்பி கேட்டால் நம்பர் சொல்லித்தானே ஆக வேண்டும்? அங்கேதான் நமக்குக் குழப்பம். சிலிண்டருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகி, யார் கேட்டாலும் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அதனால் நாங்கள் இரண்டு கேள்வி வைத்திருக்கிறோம். இது நான் கேட்ட காரியத்துக்கு வந்த நம்பரா? கேட்கிற ஆள் என் வாசலில் நிற்கிறாரா, போனுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாரா? சிலிண்டர் நான் கேட்டது, ஆள் வாசலில் நிற்கிறார், சொல்லலாம். "பேங்க்லேர்ந்து பேசுறேன்" என்று போனில் கேட்டால் சொல்லவே கூடாது. எந்த வங்கியும் போனில் ஓடிபி கேட்காது.

கேஒய்சி. உங்கள் வாடிக்கையாளரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று அர்த்தம். நாம் யார் என்று வங்கி தெரிந்துகொள்வதற்காக ஆதார், போட்டோ வாங்குவது. "கேஒய்சி முடியலைன்னா இன்னிக்கு ராத்திரி கணக்கு முடங்கிரும்" என்று மெசேஜ் வந்தால், அதிலிருக்கிற லிங்கைத் தொடாதீர்கள். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நேராக வங்கிக்குப் போங்கள். அதே மாதிரி கல்யாணப் பத்திரிகை, அரசு உதவித்தொகை என்று வாட்ஸ்அப்பில் வருகிற ஃபைலின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் திறக்காதீர்கள். பத்திரிகை என்றால் படமாக வரும். ஏபிகே என்பது நம் போனுக்குள் குடிவருகிற ஆப்.

டிஜிட்டல் அரெஸ்ட். போலீஸ் உடுப்பில் ஒருத்தர் வீடியோவில் வந்து, "உங்க பேர்ல போதைப் பார்சல் வந்திருக்கு, போனை வைக்கக் கூடாது, யார்கிட்டயும் சொல்லக் கூடாது, பணத்தைப் போடு" என்று மிரட்டுவது. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு அரெஸ்டே கிடையாது. போனை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போங்கள். யாரிடமும் சொல்லாதே என்று ஒருத்தர் சொன்னாலே அதைப் பத்துப் பேரிடம் சொல்ல வேண்டும் என்று அர்த்தம்.

இதுவரைக்கும் பணம் போகிற வார்த்தைகளைச் சொன்னேன். உயிர் போகிற வார்த்தை ஒன்று இருக்கிறது. ஃபார்வர்டு.

2018 மே மாசம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சமயம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் வதந்தி. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்கு வந்தது. வழி கேட்க நிறுத்தின இடத்தில் பிள்ளைகளுக்கு சாக்லெட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று கூட்டம் கூடி அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். நாமும் குலதெய்வத்துக்குப் போகிறவர்கள்தான். வழியில் பார்க்கிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிறவர்கள்தான். அந்த மெசேஜை அனுப்பினவர்களில் எத்தனை பேர், நம்மை மாதிரி, "பிள்ளைங்க பத்திரமா இருக்கட்டும்" என்ற நல்ல எண்ணத்தில் அனுப்பியிருப்பார்கள்! மெசேஜ் மேலே இரண்டு அம்புக்குறி இருந்தால், அது ஏற்கெனவே பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அதை அனுப்பினவருக்கே அது நிஜமா என்று தெரியாது.

ஃபேக் என்றால் போலி. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் சுற்றின. வேறெங்கோ, வேறெதற்கோ நடந்த சண்டைகளை எடுத்துப் போட்டிருந்தார்கள். அது பொய் என்று போலீஸ் சொல்வதற்குள் எத்தனையோ தாய்மார்கள் அங்கே தங்கள் பிள்ளைகளை நினைத்துத் துடித்துப்போயிருப்பார்கள். என் வீட்டுக்காரரும் பக்கத்து மாநிலத்தில்தான் வேலை பார்க்கிறார். அதனால் அந்தத் தாய்மார்களின் பயம் எனக்குப் புரியும்.

வைரல் என்றால் காய்ச்சல் மாதிரி வேகமாகப் பரவுவது. அதிகம் பேர் பார்த்தார்கள் என்றுதான் அர்த்தம், உண்மை என்று அர்த்தம் இல்லை. ஸ்பான்சர்டு என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். என் படத்தை வெட்டி ஒட்டினதை எடிட் என்று சொல்வார்கள். இப்போது ஏஐ வைத்து முகத்தையும் குரலையும்கூட அப்படியே செய்துவிடுகிறார்கள். ஒரு பெண்ணின் அசிங்கமான படம் உங்கள் போனுக்கு வந்தால், தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அந்தப் பெண்ணிடம் போய், "சோறு தின்னியா?" என்று கேளுங்கள்.

கடைசியாக, நமக்காக இருக்கிற வார்த்தைகள் நாலு. பிளாக் என்றால் அந்த ஆளுக்குக் கதவைச் சாத்துவது. ரிப்போர்ட் என்றால் புகார் சொல்வது. ஸ்கிரீன்ஷாட் என்றால் திரையில் தெரிவதை அப்படியே படம் பிடித்து வைப்பது. மிரட்டல் மெசேஜை பயத்தில் டிலீட் பண்ணிவிடாதீர்கள், அழித்துவிட்டால் சாட்சி போய்விடும். முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகு பிளாக். நாலாவது ஹெல்ப்லைன். அந்த நம்பர் 1930. பணம் போனது தெரிந்த உடனே கூப்பிட்டால், அது அடுத்த ஆள் கைக்குப் போவதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க வழி இருக்கிறது. நேரம் ஆக ஆக அந்த வழி அடைபடும். நம்பரைப் போனிலும் ஏற்றுங்கள், அடுப்படிச் சுவரிலும் எழுதிவையுங்கள். போன் தொலைந்தால் சுவர்தான் இருக்கும்.

கூட்டமைப்புக்கு என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு குழுவும் வாரம் ஒரு வார்த்தை எழுதுவது என்று இன்றைக்குத் தீர்மானம் போட வேண்டும். எந்தக் குழுவில் எந்த வார்த்தையால் யாருக்கு நட்டம் வந்தது என்பதையும், பெயர் போடாமல், மாசக் கூட்டத்தில் மற்ற குழுக்களுக்குச் சொல்ல வேண்டும். ஒருத்தர் விழுந்த பள்ளம் இன்னொருத்தருக்குத் தெரிய வேண்டாமா?

உறுப்பினர்களுக்கும் ஒன்று. கடன் பாக்கி இருக்கிறது என்று வெட்கப்பட்டுக் குழுவுக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். நான் வெட்கப்பட்டு ஒரு கூட்டத்துக்கு வராமல் இருந்தேன். அந்த வாரம்தான் அந்த லிங்கை அமுக்கினேன். வந்திருந்தால், "இது என்னக்கா, அலோன்னு கேக்குது?" என்று யாரிடமாவது காட்டியிருப்பேன்.

என் அம்மாவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. போன மாசம் மகள் ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தாள். கையில் வாங்கினதும் அப்பத்தா பேத்தியிடம் கேட்ட முதல் கேள்வி, "இதுல பிரேக்கு எதுடி?" என்பதுதான். மகள் சிரித்துக்கொண்டே டெனையைக் காட்டிக் கொடுத்தாள்.